விளக்கு தரையைப் பார்க்கட்டும்: எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மன்றக் கூட்டத்தில் தெருவிளக்கு பற்றி ஒரு பேச்சு வந்ததாக எங்கள் வார்டு உறுப்பினர் சொன்னார். மிச்சமிருக்கும் பழைய சோடியம் விளக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போடுவது, கண்மாய்க் கரையில் ஒன்று, சந்தைத் திடலில் ஒன்று என இரண்டு உயர்மின் கோபுர விளக்கு நிறுத்துவது, இதுதான் திட்டமாம். டெண்டர் இன்னும் விடவில்லை என்றும் சொன்னார். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். கம்பம் நட்ட பிறகு எழுதினால் அது புகார் ஆகிவிடும். இன்றைக்கு எழுதினால் ஒரு யோசனையாக எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். ஊர்ப் பெயரை இந்த மடலில் போடவில்லை. இதே திட்டம் பக்கத்து ஊர்களுக்கும் வரும், அங்கே இருப்பவர்களும் படிக்கட்டும்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்க் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் படம் எடுக்கிறேன். மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் நாலைந்து பேரின் கல்யாண ஆல்பம் நான் போட்டதுதான். வெளிச்சம்தான் எனக்குச் சோறு போடுகிறது. வெளிச்சமே வேண்டாம் என்று ஒருவன் கிளம்பிவிட்டான் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் நடந்து வரும் சந்துக்கு விளக்கு வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் மனு கொடுத்தோமே, அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அந்த விளக்கு வந்ததில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் என் ஸ்டூடியோவைத் தெரிந்த பலருக்கு என் மொட்டை மாடியைத் தெரியாது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு நாள், வானம் தெளிவாக இருந்தால், நான் இரவு முழுக்க மாடியில்தான் இருப்பேன். நிலா வெளிச்சம்கூட இல்லாத நாட்கள் அவை. எதிர்வீட்டு அப்பத்தா முதலில் பயந்துபோய், "அமாவாசை ராத்திரியில மாடியில என்னப்பா பண்ற?" என்று கேட்டார். நட்சத்திரத்தைப் படம் எடுக்கிறேன் அப்பத்தா என்றேன். மறுநாள் ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது இன்று அவர் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது.

என்னிடம் இருப்பது 80 மில்லிமீட்டர் வாய் அகலமுள்ள சின்னத் தொலைநோக்கி. கல்யாண வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த பழைய கேமராவை, கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்கிறேன். இரண்டையும் தாங்கி நிற்பது மோட்டார் வைத்த ஒரு மவுண்ட். மொத்தச் செலவில் பெரும்பகுதி அந்த மவுண்டுக்குத்தான் போனது. பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்ந்துகொண்டே இருக்கிறது. என் தொலைநோக்கியில் ஒரு விநாடி ஷட்டரைத் திறந்துவைத்தாலே நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். பூமி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில், வானத்தோடு சேர்ந்து அதே வேகத்தில் மவுண்டும் சுழன்றால்தான் படம் நிற்கும். அதற்கு மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தை ஒட்டி நிற்க வேண்டும். குளிர் நாடுகளில் துருவ நட்சத்திரம் நல்ல உயரத்தில் இருக்கும். நம் பக்கத்தில் அது அடிவானத்திலிருந்து 10 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அந்த ஒரு முஷ்டி உயரம். தென்னை மரம், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர், எல்லாவற்றுக்கும் இடையில் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிடித்தபிறகு ஒரு படத்துக்கு 60 விநாடி. அப்படி 240 படம், மொத்தம் 4 மணி நேரம். ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதுதான் உள்ளே இருப்பது மெல்ல மேலே வரும். நூறு படத்தை அடுக்கினால், படத்தில் மணல் தூவின மாதிரி தெரியும் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அப்புறம் தொலைநோக்கிக்கு மூடி போட்டு எடுத்த டார்க் பிரேம்களைக் கழிக்க வேண்டும், வெள்ளைத் துணி கட்டி எடுத்த ஃபிளாட் பிரேம்களால் தூசியின் நிழலைச் சரிசெய்ய வேண்டும். மார்கழி, தை மாதங்களில் லென்ஸில் பனி இறங்கும். அதற்கு ஒரு சூடேற்றும் பட்டை சுற்றிவைக்க வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று இரவும் ஆகும், ஒரு மாதமும் ஆகும்.

இப்படித்தான் முதன்முதலில் ஓரியன் நெபுலாவை எடுத்தேன். மிருகசீரிடத்துக்குக் கீழே, வேட்டைக்காரன் இடுப்பில் தொங்கும் வாள் என்பார்களே, அதன் நடுவில் பஞ்சு மாதிரி மங்கலாகத் தெரிவது. புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம் அது. சுமார் 1,350 ஒளியாண்டு தூரம். மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறையைச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட வெளிச்சம், என் கேமராவுக்குள் வந்து விழுந்தது. அந்தச் சிவப்பும் நீலமும் திரையில் மேலே வந்த அதிகாலையை என்னால் மறக்க முடியாது. இருபது வருடமாக எத்தனையோ ஆயிரம் முகங்களை எடுத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு படத்தின் முன்னால் கை கூப்பினேன்.

இதே நெபுலாவைத்தான் உலகத்திலேயே முதன்முதலில் ஒருவர் போட்டோ எடுத்தார். 1880 செப்டம்பர் 30ஆம் தேதி. ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர், நியூயார்க் அருகே குடும்பத்துத் தோட்டத்தில் தானே கட்டிக்கொண்ட கூடத்திலிருந்து, 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிடம் திறந்துவைத்து எடுத்தார். வானத்தின் ஆழத்தைப் படம் எடுக்கும் வேலையைத் தொடங்கிவைத்ததே வீட்டுத் தோட்டத்தில் நின்ற ஒரு மனிதர்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வானத்தின் இருட்டை அளக்க உள்ளங்கை அளவில் ஒரு மீட்டர் இருக்கிறது. அது ஒரு எண்ணைக் காட்டும். எண் கூடக்கூட வானம் இருட்டு. மனித வெளிச்சமே படாத இடத்தில் 22ஐ நெருங்கும். பெருநகரத்தின் நடுவில் 17, 18 என்று இறங்கிவிடும். என் மாடியில் 2019 பிப்ரவரி அமாவாசையில் நேர் உச்சியைப் பார்த்து அளந்தபோது 19.6 இருந்தது. கடைவீதியிலும் பைபாஸ் பக்கமும் வெள்ளை விளக்குகள் வந்தபிறகு, போன பிப்ரவரியில் அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்தேன். 18.7. எண்ணில் பார்த்தால் ஒன்றுகூட முழுசாகக் குறையவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு எண் என்பது இரண்டரை மடங்கு. அதாவது என் தலைக்கு மேல் வானம் 2.3 மடங்கு வெளுத்துவிட்டது. முன்பு 4 மணி நேரத்தில் எடுத்த படத்தை அதே தெளிவோடு எடுக்க இன்று 9 மணி நேரம் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கும் கோடை மேகத்துக்கும் இடையில் எனக்குக் கிடைப்பதே தை முதல் சித்திரை வரை உள்ள சில இரவுகள்தான்.

சோடியம் விளக்கு போய் எல்இடி வந்தால் என்ன, இரண்டும் விளக்குதானே என்று கேட்கலாம். நிறத்தில்தான் வித்தியாசம். பழைய சோடியம் விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் 589 நானோமீட்டரைச் சுற்றியுள்ள மஞ்சளில் அடங்கிவிடும். அந்த மஞ்சளை மட்டும் மறிக்கிற ஒரு ஃபில்டரைக் கேமராவுக்கு முன்னால் போட்டால் வானம் ஓரளவு திரும்பக் கிடைத்துவிடும். பல வருடம் அப்படித்தான் சமாளித்தோம். வெள்ளை எல்இடி வேறு விதம். உள்ளே இருப்பது 450 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் ஒரு நீலச் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சு அந்த நீலத்தில் ஒரு பகுதியை மாற்றி, எல்லா நிறத்தையும் கலந்து வெள்ளையாக்கித் தருகிறது. எல்லா நிறமும் இருப்பதை எந்த ஃபில்டரால் மறிப்பது? அதோடு, பகல் வானம் எதனால் நீலமாக இருக்கிறதோ அதே காரணத்தால், நீல வெளிச்சம் காற்றில் அதிகமாகச் சிதறும். 450 நானோமீட்டர் நீலம், சோடியத்தின் மஞ்சளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறுகிறது. விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 6,500 கெல்வின் விளக்கில் இந்த நீலம் மிக அதிகம். 2,700 கெல்வின் விளக்கில் மிகக் குறைவு. இரண்டும் எல்இடிதான், இரண்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதுதான்.

வாயு மேகங்களுக்கு மட்டும் வேறு வழி உண்டு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒளிரும் இரண்டு குறுகிய நிறங்களை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர்கள் கிடைக்கின்றன. நானும் கடன் வாங்கி ஒன்று வாங்கினேன். ஆனால் ஒரு விண்மீன் மண்டலமும் (கேலக்ஸி), நட்சத்திரக் கொத்தும், விண்தூசியும் எல்லா நிறத்திலும் ஒளிர்கின்றன. அவற்றுக்கு இந்த ஃபில்டர் உதவாது. அவற்றுக்கு இருட்டு ஒன்றுதான் மருந்து.

இந்த வெளுப்பு நம் ஊரோடு நிற்கிற விஷயமும் இல்லை. உலகம் முழுக்கப் பொதுமக்கள் கண்ணால் நட்சத்திரம் பார்த்துப் பதிவு செய்த கணக்குகளை வைத்து 2023இல் ஒரு ஆய்வு வந்தது. 2011 முதல் 2022 வரை இரவு வானம் வருடத்துக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளிச்சமாகிக்கொண்டே வந்திருக்கிறது என்றார்கள். 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்கு, பதினெட்டு வயதாகும்போது 100 நட்சத்திரம்தான் தெரியும்.

சரி, நட்சத்திரம் தெரியாவிட்டால் ஊருக்கு என்ன நஷ்டம்? இதற்கு என் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன்.

நம் கல்யாணங்களில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோம். அந்தச் சடங்கை நூற்றுக்கணக்கான முறை நான் படம் எடுத்திருக்கிறேன். காலை முகூர்த்தம் முடிந்து, ஐயர் மாப்பிள்ளை பெண்ணை வாசலுக்கு அழைத்துவந்து வடக்கே கையைக் காட்டுவார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருவரும் மேலே பார்ப்பார்கள். நான் கிளிக் செய்வேன். பிறகு எத்தனை பேர் ஒரு ராத்திரியாவது அந்த அருந்ததியைத் தேடிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். என் ஸ்டூடியோவுக்கு ஆல்பம் வாங்க வருபவர்களிடம் இப்போதெல்லாம் கேட்டே விடுகிறேன். பார்த்தேன் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

அருந்ததி உண்மையில் அங்கே இருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் இருக்கும் வசிஷ்டரை ஒட்டி, மங்கலாக ஒரு சின்னப் புள்ளி. வெறும் கண்ணுக்கே தெரியும். எங்கள் மாதிரிப் படம் எடுப்பவர்களுக்கு அதில் இன்னொரு உறவும் இருக்கிறது. 1857இல் ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் ஒரு நட்சத்திர ஜோடியைப் போட்டோத் தகட்டில் முதன்முதலில் பிடித்தார்கள். அந்த ஜோடி வசிஷ்டரும் அருந்ததியும்தான். மங்கலான நட்சத்திரங்கள்தான் முதலில் மறையும். பெருநகரங்களில் அருந்ததியைக் கண்டுபிடிப்பதே சிரமமாகிவிட்டது. நம் ஊரில் கடைவீதியில் நின்றால் எனக்குத் தெரிவதில்லை, கண்மாய்க் கரையில் நின்றால் இன்னும் தெரிகிறது. கோபுர விளக்கு வரப்போவது அந்தக் கரையில்தான்.

கண்மாய்க் கரையில் விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியற்காலையில் நடக்கப் போகிறவர்களுக்குப் பாதை தெரிய வேண்டும், பாம்பு பயம் வேறு. ஆனால் அதற்குக் கோபுர விளக்கு சரியான கருவியா என்று ஒரு லைட்டிங் வேலைக்காரனாகக் கேட்கிறேன். கரை என்பது நீளமான பாதை. நடுவில் 12 மீட்டர் உயரத்தில் நாலு பக்கமும் பார்க்கும் ஃபிளட் லைட் வைத்தால், அடியில் நிற்பவர் வெளுத்துப்போவார், தள்ளி நடப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். கல்யாண மண்டபத்தில் ஒரே பெரிய லைட்டை மூலையில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். அந்த வெளிச்சத்தில் பாதி தண்ணீர்மேல் விழும், நாரையும் கொக்கும் அடைகிற கருவேல மரங்கள்மேல் விழும், மீதி ஆகாயத்துக்குப் போகும். அதே செலவில் பாதை ஓரமாகச் சின்னக் கம்பங்களில் தரையைப் பார்க்கும் விளக்குகள் வைத்தால், நடப்பவர் காலடிக்கு வெளிச்சம் வந்து சேரும்.

எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: லைட் ஆளின்மேல் விழ வேண்டும், பார்க்கிறவர் கண்ணில் விழக்கூடாது. அதற்காகவே ஸ்டூடியோ லைட்டின் நாலு பக்கமும் மடக்குகிற தகடு வைத்திருப்போம். எங்கள் தெருவில் போட்ட புது விளக்குகளில் அந்தத் தகடும் இல்லை, கம்பத்தின் கையும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பொருத்திவிட்டுப் போன ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். சாய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அதன் விளைவாக, தெருமுனையில் திரும்பும்போது வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கிறது. கண்ணில் அடித்தால் கண்மணி சுருங்கும். சுருங்கிய கண்ணுக்கு விளக்குக்குப் பின்னால் நிழலில் நிற்பவர் யார் என்று தெரியாது. கண்புரை உள்ள பெரியவர்களுக்கு இன்னும் மோசம், விளக்கைச் சுற்றி ஒரே பூவாகப் பூத்துக்கொண்டு பாதையே மறைந்துவிடுகிறது என்று அப்பத்தா சொல்கிறார். பாதுகாப்புக்காக வைத்த விளக்கு இப்படி ஆகலாமா? அவர் படுக்கிற அறையின் ஜன்னலில் ராத்திரி முழுக்க அந்த வெளிச்சம் விழுகிறது. சேலையை மடித்துத் திரையாகக் கட்டியிருக்கிறார். நானும் மாடியில் வடக்குப் பக்கம், ஸ்டூடியோவில் பின்னணிக்குக் கட்டும் கறுப்புத் துணியைக் கயிற்றில் கட்டித்தான் வேலை செய்கிறேன். அந்த விளக்குக்கு நேர் பின்னால்தான் துருவ நட்சத்திரம் இருக்கிறது.

அடிவானத்தை ஒட்டிப் பக்கவாட்டில் போகும் வெளிச்சம்தான் காற்றில் நெடுந்தூரம் பயணம் செய்து வானத்தை அதிகம் கெடுக்கிறது. ஆகவே விளக்கின் சாய்வைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு ஒரு ஸ்பானரும் ஏணியும் போதும்.

இதையெல்லாம் ஒருவனுடைய பொழுதுபோக்குக்காக ஊர் செய்ய வேண்டுமா என்று யாராவது மன்றத்தில் கேட்டால், அவர்களுக்கு ஒரு பூட்டுக்காரரைப் பற்றிச் சொல்லுங்கள். அர்ஜென்டினாவில் ரொசாரியோ என்ற நகரம். அங்கே விக்டர் புசோ என்பவர் பூட்டுச் சாவி வேலை செய்கிறவர். வீட்டு மாடியில் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கி வைத்திருந்தார். 2016 செப்டம்பர் 20ஆம் தேதி இரவு, புதிதாக வாங்கிய கேமராவைச் சோதித்துப் பார்க்க என்ஜிசி 613 என்ற விண்மீன் மண்டலத்தைத் தொடர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். நகரத்து வானம் வெளிச்சமாக இருந்ததால் ஒவ்வொரு படத்துக்கும் 20 விநாடிதான் கொடுக்க முடிந்தது. சிறிது நேரத்தில், முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு புள்ளி தோன்றி வளர்வதைப் பார்த்தார். ஒரு நட்சத்திரம் வெடித்து, அந்த அதிர்ச்சி அலை அதன் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளியே வரும் கணம். அதுவரை சாதாரண சூப்பர்நோவா ஒன்றில் அந்தக் கணத்தை இப்படி யாரும் பிடித்ததில்லை. 2018இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையில் விஞ்ஞானிகளோடு அவர் பெயரும் இருக்கிறது. 2023 ஜனவரியில் இன்னொன்று. டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், சென்டி என்ற மூன்று அமெச்சூர்கள், நூறு மணி நேரத்துக்கும் மேல் ஆண்ட்ரோமீடாவைப் படம் எடுத்து, அதன் பக்கத்தில் ஆக்சிஜன் ஒளிரும் ஒரு பெரிய வில்லைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அதிகம் படம் எடுக்கப்பட்ட விண்மீன் மண்டலங்களில் ஒன்று ஆண்ட்ரோமீடா. அத்தனை வருடம் அத்தனை கண்ணுக்கும் தப்பியது அது.

என் மாடியில் அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை. ஆனால் ஒன்று நடந்தது. 2023 மே 19ஆம் தேதி ஜப்பானைச் சேர்ந்த இட்டாகாகி என்ற அமெச்சூர் எம்101 விண்மீன் மண்டலத்தில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார். 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது. என்னிடம் ஏப்ரலில் எடுத்த எம்101 படம் ஒன்று இருந்தது. செய்தி தெரிந்த மறுநாள் மேகம் விலகியதும் மறுபடி எடுத்தேன். பின்தெரு ஆட்டோக்காரர் மகள், எட்டாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தவள், தம்பியோடு மாடிக்கு வந்திருந்தாள். இரண்டு படத்தையும் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினேன். அவள்தான் முதலில் விரலை வைத்தாள். "இது போன மாசம் இல்லையே மாமா?" என்றாள். இல்லை என்றேன். அப்போது டைனோசர் காலமா என்று கேட்டாள். அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு, ஆனால் மனிதர்கள் வருவதற்கு வெகு முன்னால் என்றேன். அன்றிலிருந்து அவள் ஒரு நோட்டு போட்டு எழுதி வருகிறாள்.

அந்தப் படத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கிறது. வெடித்த நட்சத்திரம் நன்றாகத் தெரிந்தது. எம்101இன் சுருள் கைகள் தெரியவில்லை. அவை மங்கலானவை, பரந்தவை, வெளுத்த வானத்தில் முதலில் கரைந்துபோகிறவை. "கை எங்கே மாமா?" என்று அவள் கேட்டபோது, இருக்கிறது, நம்மால் பார்க்க முடியவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

நம் மாநிலத்துக்கு வானத்தோடு பழைய சொந்தம் உண்டு. சென்னை வான் ஆய்வகத்தில்தான் 1861இல் ஆசியா என்ற சிறுகோளை வானியலாளர் போக்சன் கண்டுபிடித்தார். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடிக்க உதவிய இடங்களில் ஒன்று. 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். இன்னொரு பக்கம், நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்குக் கிடைக்கும் வானம் பெரிது. ஒமேகா சென்டாரி என்று ஒரு கோள நட்சத்திரக் கொத்து, 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரம் ஒன்றாகக் குவிந்தது. லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. எங்கள் மாடியில் தெற்கே 32 டிகிரி உயரத்துக்கு ஏறி நிற்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கப்பல் ஏறிப் போய்ப் பார்ப்பதை நாம் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்கலாம்.

லடாக்கில் ஹான்லே கிராமத்தைச் சுற்றிய பகுதியை 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே மக்கள் ஊரைக் காலி செய்துவிடவில்லை. விளக்குகளுக்கு மூடி போட்டார்கள், ஜன்னலுக்குத் திரை போட்டார்கள், கிராமத்து ஆட்களுக்கே தொலைநோக்கி கொடுத்து வருகிறவர்களுக்கு வானம் காட்டப் பயிற்சி கொடுத்தார்கள். மகாராஷ்டிராவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024இல் இருண்ட வானப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. நம் ஊர் ஹான்லே ஆக முடியாது, அது எனக்குத் தெரியும். இருக்கிற 18.7 இன்னும் கீழே இறங்காமல் நின்றாலே போதும்.

ஆகவே டெண்டர் எழுதும்போது சில வரிகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விளக்கு 3,000 கெல்வினுக்கு மேல் போகக்கூடாது, கண்மாய்க் கரையிலும் பள்ளிக்கூடப் பக்கமும் 2,200 கிடைத்தால் இன்னும் நல்லது. விளக்கின் முகம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், கம்பத்தின் கை மேலே சாயக்கூடாது, பக்கவாட்டில் வெளிச்சம் போகாதபடி மூடி இருக்க வேண்டும். இரவு 11 மணிக்குப் பிறகு வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கிற டிரைவர் (எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உள்ள விளக்காக வாங்கலாம், மின்கட்டணமும் குறையும். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல், மில் சந்து ஆகிய இடங்களில் குறைக்க வேண்டியதில்லை. சந்தைத் திடலில் கோபுர விளக்கு வைத்தே ஆகவேண்டும் என்றால், சந்தை நாளிலும் திருவிழாவிலும் மட்டும் எரியட்டும், மற்ற நாள் சாதாரணக் கம்ப விளக்கு போதும். கண்மாய்க் கரையில் மட்டும் கோபுர விளக்கைத் தயவுசெய்து கைவிடுங்கள். இந்த மடலில் மற்ற எதை நிராகரித்தாலும் இதை மட்டும் யோசியுங்கள்.

நம்பிக்கை வரவில்லை என்றால் எங்கள் தெருவில் ஒரு மாதம் செய்து பாருங்கள். ஒன்பது கம்பம்தான். ஒன்பதுக்கும் தகர மூடி வெட்டிக் கொடுக்க நம் ஊர் பட்டறைக்காரரிடம் பேசிவிட்டேன், செலவு என்னுடையது. மூடி போடுவதற்கு முன்னும் பின்னும் தெருவையும் வானத்தையும் ஒரே எக்ஸ்போஷரில் படம் எடுத்து மன்றத்தில் வைக்கிறேன். தெருவில் இருக்கும் பெண்களிடமும் பெரியவர்களிடமும் நீங்களே கேளுங்கள். அவர்கள் பயமாக இருக்கிறது என்று சொன்னால் மூடியை மறுநாளே நானே கழற்றிவிடுகிறேன்.

வரும் பங்குனி அமாவாசையன்று இரவு உங்கள் எல்லோரையும் என் மாடிக்கு அழைக்கிறேன். குடும்பத்தோடு வாருங்கள். எட்டு மணிக்கு வந்தால் மேற்கே ஓரியன் நெபுலா இருக்கும். கொஞ்சம் காத்திருக்க முடிந்தால் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் இன்னொன்றும் காட்டுவேன். வடக்கே அருந்ததியும் தெற்கே ஒமேகா சென்டாரியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உச்சிக் கோட்டைத் தொடும். ஆல்பம் போட்டுக் கொடுத்தேனே, அந்த நாலைந்து தம்பதிகள் கட்டாயம் வர வேண்டும், அன்றைக்கு வெயிலில் தேடியதை இப்போது பார்க்கலாம். எங்கள் தெரு டைமர் பெட்டியை அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அணைத்துவைக்கச் செயல் அலுவலர் அனுமதி கொடுத்தால் பெரிய உதவி. தெருக்காரர்கள் எல்லோரிடமும் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கி இந்த மடலோடு இணைத்திருக்கிறேன், முதல் கையெழுத்து அப்பத்தாவுடையது.

மாடிப்படி கொஞ்சம் குறுகல், கைப்பிடி இடதுபக்கம் மட்டும்தான். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும் என்பதால் டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டி வைத்திருப்பேன். கீழே வந்து குரல் கொடுங்கள், ஆட்டோக்காரர் மகள் வந்து அழைத்துப்போவாள்.

தங்கள் உண்மையுள்ள,
பஸ் ஸ்டாண்டு ஸ்டூடியோக்காரர்